படூர் பேனரில் இருந்த முகம்

தெய்வநாயகி அக்காவுக்குக் கோபமே வராது என்று அவள் புகுந்த வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். படூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் அவள் மெஸ் சூப்பர்வைசர், நான் ஆபீசில் டைப்பிஸ்ட். சொத்தைக் கத்தரிக்காய் மூட்டையை இறக்கிவிட்டு நைசாக நழுவப் பார்த்த ஆளை அவள் கேட் வரைக்கும் விரட்டிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜுரத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்குத் தனியாகக் கஞ்சி வைக்க முடியாது என்று சமையல்காரர் சொன்னபோது, கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்பு முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு முழுக்க அந்த மனிதர் அவள் பக்கமே வரவில்லை.

ஆனால் எல்லாம் மற்றவர்களுக்காக வந்த கோபம். தன் விஷயம் என்று வந்தால் அவளுக்கு வாய் கிடையாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அவள் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே உள்ள ஒரு கிராமம். அப்பா நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர். பத்தாவது முடித்து, டெய்லரிங் கற்று, தொண்ணூற்றிரண்டில் திருப்போரூர் உலகநாதனைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற வேலை. ஏர்போர்ட்டில் வெள்ளைக்காரர்களை ஏற்றி மாமல்லபுரம் ஓட்டல்களில் கொண்டுபோய் விடுவார். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். ஆனால் அவருடைய தங்கை சம்பூர்ணம் வாயைத் திறந்தால், இவர் வாயை மூடிக்கொள்வார்.

பெண் பார்க்க வந்த அன்றே சம்பூர்ணம், அப்போது பதினேழு வயதுப் பெண், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, நெறம் கொஞ்சம் மட்டுதான் என்று சொன்னாளாம். அக்கா இதை என்னிடம் ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னாள். சம்பூர்ணம் பிறகு கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கே டவுன்ஷிப்புக்குப் போனாள். போனவள் வாரம் தவறாமல் திருப்போரூருக்கு வந்தாள். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு க்ரீம், ஒரு மாவு, ஒரு யோசனை.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அக்காவின் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. மூக்குக்கு இரண்டு பக்கமும், துணியில் காய்ந்த டீக்கறை மாதிரி. காலை நான்கு மணிக்கு இட்லிக் கொப்பரை ஆவியில் நிற்கிறவள், மத்தியானம் வெயிலில் காய்கறி லாரிக்காக நிற்கிறவள். கறை குறையவே இல்லை. அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாள்.

நினைக்க வைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில் உலகநாதனின் தம்பி மோகனுக்குச் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். நானும் போயிருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டப வாசலுக்கு வந்தபோது, மூத்த மருமகள் என்கிற முறையில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை, கொண்டை நிறையக் கனகாம்பரம். வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்த அதே நொடியில் சம்பூர்ணம் குறுக்கே வந்து தட்டை அவள் கையிலிருந்து எடுத்தாள்.

"அண்ணி, நீ தள்ளிக்க. வீடியோவுல மூஞ்சி திட்டுத்திட்டா தெரியுது. காலத்துக்கும் இருக்கப்போற கேசட்டு."

தட்டு வேறு ஒருத்தி கைக்குப் போனது. குலவையும் போட்டார்கள். உலகநாதன் இரண்டடி தூரத்தில் வேஷ்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்தார். எல்லோரும்தான் பார்த்தார்கள். அக்கா விலகி, கூட்டத்துக்குப் பின்னால் போய், பந்தியில் இலை போடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டு என் இலைக்குத் தண்ணீர் தெளித்தாள். 

அடுத்த வருஷத் தொடக்கத்தில் படூர் மெயின்ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒரு ஸ்கின் கிளினிக் திறந்தார்கள். அப்போது பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ரோடு முழுக்கப் புழுதி. கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அந்தப் புழுதியைத் தின்றுகொண்டுதான் பஸ்சுக்கு நிற்பார்கள். கிளினிக் போட இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து அனுப்பினார்கள். சிவப்பு ஒளி சிகிச்சை, வெளிநாட்டுத் தொழில்நுட்பம், மங்கு, கரும்புள்ளி, கருமை எல்லாம் நீங்கும், பக்கவிளைவு கிடையாது.

அக்கா அந்த நோட்டீசை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "ஜெசிந்தா, நீ படிச்சவ. வெளிச்சத்த வச்சி மூஞ்சிய சரி பண்ண முடியுமா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னேன். அங்கே இருக்கிறவங்களும் டாக்டர்தானே, வெள்ளைக் கோட்டு போட்டிருக்காங்க என்றாள்.

வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தவள் பெயர் அதிதி. முப்பது வயதிருக்கும், கண்ணாடி மாதிரி முகம். டாக்டர் இல்லை. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளும் ஒரு தரம்கூடத் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டபோது மறுக்கவும் இல்லை. முதல் நாளே அக்காவை ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வைத்து டிஜிட்டல் கேமராவில் முகத்தைப் படமெடுத்தார்கள். அப்புறம் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, முகத்துக்கு மேலே விளக்கை இறக்கினார்கள். மூடிய கண்ணுக்குள்ளும் சிவப்பாகத் தெரிந்தது என்று அக்கா சொன்னாள். அடுப்புக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி சூடு என்றும் சொன்னாள்.

காசு பெரிசு. அதை இங்கே எண்ணிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. மெஸ்ஸில் கூடுதல் ஷிப்ட் பார்த்துக் கட்டினாள் என்பது போதும்.

முதல் சில தடவை போய் வந்ததும் முகம் செக்கச்செவேல் என்று பளபளத்தது. சூட்டில் ரத்தம் ஏறிய பளபளப்பு அது. மறுநாள் காலையில் இருக்காது. ஆனால் அந்த ஒரு சாயங்காலம் அவள் கண்ணாடியைப் பார்த்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை விற்றார்களே, அதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

சித்திரை பிறப்பதற்குள் மங்கு கருத்தது. டீக்கறை காப்பிக்கறையாகி, கன்னத்திலிருந்து நெற்றிக்கும் மேலுதட்டுக்கும் பரவியது. அதிதியிடம் கேட்டதற்கு, உள்ளே ஒளிந்திருந்த கருமையெல்லாம் வெளியே வருகிறது, இது நல்ல அறிகுறி, இப்போது நிறுத்தினால் எல்லாம் வீண் என்று சொன்னாளாம். அக்கா நம்பினாள். விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இறக்கினார்கள்.

இதற்கு நடுவில் மெஸ் ஸ்டோரில் ஓர் இரும்பு ரேக்கின் முனை அவள் இடது புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள். காயம் ஆறியதும் ஒரு கோடு நின்றுவிட்டது. அந்தக் கோட்டோடுதான் கிளினிக்கில் அவளை இரண்டாவது முறை படமெடுத்தார்கள். படத்தை அதிதி பார்த்தாள். இன்னொரு கோர்ஸ் எடுக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

அக்கா அதையும் எடுத்திருப்பாள், அதற்குள் மெஸ்ஸில் ஒன்று நடந்தது. ஒரு முதல் வருஷப் பெண் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு, மிகவும் அக்கறையாக, "அக்கா, அடுப்புல சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அக்கா ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்க் கதவைத் தட்டி, நாளைக்கு லீவு போடு, நாம் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன்.

தோல் பிரிவில் அன்றைக்கு நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தபோது டாக்டரம்மா அக்காவின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். விளக்கு சுட்டதா என்றார். சுட்டது என்றாள் அக்கா. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே சொல்கிறேன். மங்குக்கு வெயில் ஆகாது, சூடும் ஆகாது. தோலுக்காகச் செய்கிற சிவப்பு ஒளி விளக்கு இப்படிச் சுடவே கூடாது. சுட்டது என்றால், இடுப்புவலி, முட்டிவலிக்குப் பிசியோதெரபியில் ஒத்தடம் மாதிரிக் காட்டுகிற விளக்கைத்தான் முகத்துக்குக் காட்டியிருக்கிறார்கள். வலிக்கு அது நல்ல விளக்கு. இந்த முகத்துக்கு விஷம்.

அப்படியென்றால் சிவப்பு ஒளி என்பதே பித்தலாட்டம்தானா என்று நான் கோபத்தில் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்படிச் சொல்ல மாட்டேன்மா. ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்கு. புண் சீக்கிரம் ஆறுறதுக்கு, லேசான சுருக்கத்துக்கு, சில பேருக்குப் பருவுக்கு, கொஞ்சம் பலன் தெரியுதுன்னு சொல்றாங்க. சரியான விளக்கா இருக்கணும், மாசக்கணக்குல பொறுமையா செய்யணும். அப்பவும் கொஞ்சம்தான். ஆனா நிறத்த மாத்துறேன், மங்க எடுத்துடுறேன்னு யாராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க."

பிறகு அக்காவைப் பார்த்து, உங்கள் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை, எதற்காக வெள்ளையாக வேண்டும் என்று கேட்டார். பரிவாகத்தான் கேட்டார். அக்காவுக்கு அதுவே குத்தியது.

"நான் வெள்ளையாவணும்னு போவல டாக்டர். எந்த எடத்துலயும் நான் நிக்கறத யாரும் தள்ளிவுடக் கூடாதுன்னு போனேன்."

டாக்டரம்மா பேனாவைத் திரும்ப எடுத்தார். வெயிலுக்குத் தடவ ஒரு லோஷனும், ராத்திரிக்கு ஒரு களிம்பும் எழுதினார். பாதி குறைய ஒரு வருஷம் ஆகலாம், முழுக்கப் போகாமலும் இருக்கலாம், போனது திரும்பவும் வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். கொப்பரைப் பக்கம் நிற்பதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்து டீ குடித்தோம். அக்கா, இந்தம்மா ஒரு வார்த்தகூட இனிப்பா சொல்லலியே என்றாள். டம்ளரை வைத்துவிட்டு, அதனாலதான் நம்பலாம் போலக் கீது என்றாள்.

கிளினிக்கை அவள் அத்தோடு விட்டுவிட்டாள். போய்க் கேட்கலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். போனது போச்சு, என் புத்திதான் போச்சு என்று அடக்கிவிட்டாள். பழைய வழக்கம்.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம். பொங்கல் லீவு முடிந்து அக்கா திருப்போரூரிலிருந்து பஸ்சில் வந்துகொண்டிருந்தாள். படூர் ஸ்டாப்பிங் வருவதற்கு முன்னாலேயே பஸ் புழுதியில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தவள் அங்கேயே இறங்கிவிட்டாள். விடுதிக்கு வந்து, நான் பையைக்கூட வைக்காத நேரத்தில், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கிளினிக் முன்னால், மாடிக் கிராதியிலிருந்து செல்போன் கடைப் போர்டு வரைக்கும் தொங்கியது பேனர். அதில் இரண்டு முகம். இரண்டும் தெய்வநாயகி அக்கா. இடது பக்கத்துக்குக் கீழே 'முன்', வலது பக்கத்துக்குக் கீழே 'பின்'. கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை. அவளைத் தெரிந்த எவருக்கும் அந்தப் பட்டையால் ஒரு மறைப்பும் இல்லை.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. 'முன்' என்று போட்டிருந்தது அவர்கள் சுட்ட பிறகு எடுத்த முகம். கன்னம், நெற்றி எல்லாம் கருத்து, புருவத்துக்கு மேலே தையல் கோட்டோடு. 'பின்' என்று போட்டிருந்தது முதல் நாள் வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த முகம், கோடு விழுவதற்கு முன்னால் இருந்தது; பழைய மங்கு பேனரில் லேசாகத்தான் தெரிந்தது. கெடுத்த முகத்தை முதலில் வைத்து, கெடாத முகத்தைக் கடைசியில் வைத்துவிட்டார்கள். அதற்கும் மேலே ஒரு வரி: மங்கு மறைந்தது, தழும்பும் மறைந்தது.

அக்கா தன் புருவத்துக்கு மேலே விரலை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அங்கே இல்லாமல் போயிருக்குமோ என்று சந்தேகப்பட்ட மாதிரி. பிறகு மாடிப்படி ஏறினாள்.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் விடுதிப் பிள்ளைகள். அதிதி வெளியே வந்து அக்காவைப் பார்த்ததும் முகம் மாறியது. உடனே சிரித்துக்கொண்டு, உள்ளே வாங்க, ரூம்ல உட்காந்து பேசலாம் என்றாள்.

"எதுக்கு உள்ள? என் மூஞ்சிய நடுரோட்ல தொங்கவுட்டுட்டு, பேச்ச மட்டும் உள்ள வச்சிக்கலாமா?"

அக்கா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் முந்தானையால் பவுடரை அழுத்தித் துடைத்தாள். உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் திரும்பி நெற்றியைக் காட்டினாள். இந்தக் கோடு கீழே தொங்குகிற எந்தப் படத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். விடுதிப் பெண் ஒருத்தி எழுந்து போனாள். திரும்பி வந்து, தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

அதிதி பதறிப்போய், பேனர் அடித்தவர்கள் படத்தை மாற்றிவிட்டார்கள், பிரின்ட்டில் நடந்த தப்பு என்றாள்.

"அப்ப சரியா மாட்டு. இப்பவே மாட்டு. முன்னன்னு என் பழைய மூஞ்சியப் போடு. பின்னன்னு நீ சுட்டுப்போட்ட மூஞ்சியப் போடு. நானே கீழ நின்னுகினு உனுக்கு விளம்பரம் பண்றேன்."

நாளைக்குக் கழற்றிவிடுகிறேன் என்றாள் அதிதி. அடுத்ததாக, அக்காவுக்கு மட்டும் இலவசமாக இன்னொரு கோர்ஸ் தருகிறேன் என்றாள். அதற்கும் அசையாததைப் பார்த்து, பிஸினஸ் நடக்கிற இடத்தில் கலாட்டா செய்தால் போலீசைக் கூப்பிடுவேன் என்றாள். ஒரே மூச்சில் இந்த மூன்றும். அக்கா, கூப்பிடு, நான் கீழதான் கீறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே வந்து செல்போன் கடையிலிருந்து உலகநாதனுக்குப் போன் போட்டாள். அவர் கோவளத்தில் ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டுவிட்டுச் சும்மாதான் இருந்தார். அரைமணியில் வேன் வந்தது. இறங்கினார், பேனரைப் பார்த்தார், வாயில் கை வைத்தார். அப்புறம் சுற்றிலும் சேர்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "வுடு தெய்வா. பேஜாரு வேணாம். வூட்டுக்குப் போலாம்" என்றார்.

பதினைந்து வருஷம் பேசாதது அப்போது வந்தது.

"அன்னிக்கி மண்டபத்துல உன் தங்கச்சி என் கையில இருந்தத புடுங்கனா. நீ இன்னா பண்ண? வேட்டியப் புடிச்சிகினு நின்ன. பொண்ணு பாக்க வந்தப்போ அவ சொன்னா. அப்பவும் நின்ன. இப்ப என் மூஞ்சி ரோட்ல தொங்குது. இப்பவும் நின்னுகினு இருக்கப்போறியா? இருக்கப்போறன்னா சொல்லிடுயா. வேன எடுத்துகினு போ, நான் ஏணி கேட்டு வாங்கிக்கிறேன்."

ரோடு போடுகிற ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகநாதன் தலை குனிந்து நின்றார். பிறகு வேனில் ஏறினார். போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் வேனை ரிவர்ஸ் எடுத்து, பேனருக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி நிறுத்தினார். பின்பக்கத்து ஏணியைக் கையால் தட்டிக் காட்டினார். நானே ஏறவா என்று கேட்டார். வேணாம் என்றாள் அக்கா.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அவர் கீழே நின்று அவள் கால் வைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வேனுக்கு மேலே லக்கேஜ் கேரியரில் நின்றுகொண்டு, யாரோ கொடுத்த பிளேடால் ஒவ்வொரு கயிறாக அறுத்தாள். பேனர் மடிந்து அவள் மேலேயே விழுந்தது. அதிதி மாடியிலிருந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். டிராபிக் இரண்டு பக்கமும் நின்றுவிட்டது.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். பொருளைச் சேதப்படுத்தியதாகப் புகார். வார்டன் அம்மா பயந்துபோய், ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு என்று அக்காவிடம் கெஞ்சினார். மன்னிப்பு. முகம் எரிந்தவள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஸ்டேஷனுக்கு நானும் உலகநாதனும் கூடப் போனோம். அக்கா சுருட்டிய பேனரை எஸ்.ஐ.யின் மேசைமேல் விரித்தாள்.

"இதுல கீறது என் மூஞ்சி சார். என் மூஞ்சிய நான் கழட்டிகினு வந்தேன். திருட்டுன்னா கேஸ் போடுங்க. அப்படியே, என்னக் கேக்காம என் மூஞ்சிய வித்ததுக்கும் ஒரு கேஸ் போடுங்க."

அவர் பேனரைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார். எந்தக் கேசும் போடவில்லை, எங்கள் மேலும் இல்லை, அவர்கள் மேலும் இல்லை. சமாதானமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். நியாயம் கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு முகத்தைச் சுட்டு, படம் பிடித்து, திருப்பி மாட்டி, அதற்கு ஆள் சேர்த்தவர்களுக்குச் சமாதானம்தான் தண்டனை.

அக்கா பேனரை மெஸ் ஹாலில், தட்டு கழுவும் இடத்துக்கு மேலே மாட்டினாள். 'முன்' என்பதை அடித்துவிட்டு 'பின்' என்று எழுதினாள். 'பின்' என்பதை அடித்து 'முன்' என்று எழுதினாள். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. நானூறு பிள்ளைகள் மூன்று வேளையும் அதன் கீழே கை கழுவினார்கள். வார்டன் கழற்றச் சொன்னார். பெண்கள் விடவில்லை. அந்த மாதமே கிளினிக்கில் எங்கள் பிள்ளைகள் யாரும் இல்லை. வைகாசிக்குள் செல்போன் கடைக்காரர் மாடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

சம்பூர்ணம் போன் செய்தாள். கல்பாக்கம் ஸ்டாஃப் குடும்பங்கள் எல்லாம் அந்த ரோட்டில்தான் மெட்ராசுக்குப் போவார்களாம். இரண்டு பேர் பேனரில் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்களாம். போதாததற்கு வேன் மேலே ஏறி நின்ற கதையும் டவுன்ஷிப் வரைக்கும் வந்துவிட்டதாம். குடும்ப மானம் போயிற்று என்று அழுதாளாம். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, மானம் போனது மண்டப வாசலில், அன்றைக்கு உனக்கு அழுகை வரவில்லையே என்றாளாம். இனிமேல் என் வீட்டுக்கு வந்தால் க்ரீம், மாவு எதையும் தூக்கிக்கொண்டு வராதே, வெறுங்கையோடு வா, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிப் போனை வைத்தாளாம். ஆறு மாதம் சம்பூர்ணம் வரவில்லை. அப்புறம் வந்தாள். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக இருவரும் பிரியமானவர்கள் ஆகிவிட்டார்கள் என்று நான் எழுத மாட்டேன். அக்காவுக்கு அவள்மேல் கோபம் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

உலகநாதன் கொஞ்சம் மாறினார். ரொம்ப இல்லை. லோஷன் தீர்ந்துபோவதற்கு முன்னால் மறக்காமல் வாங்கிக்கொண்டு வருவார். வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் இருமுவார். இப்பல்லாம் இருமறாரு, பேச்சு வர இன்னும் பதினஞ்சு வருசம் ஆவும் என்பாள் அக்கா.

மங்கு டாக்டரம்மா சொன்ன மாதிரியே பாதி போயிற்று. வெயில் காலத்தில் கருக்கும், மழைக்காலத்தில் வெளுக்கும். மேலுதட்டில் இருந்தது போகவே இல்லை. மாமல்லபுரத்தில் ஒரு பெரிய ஓட்டல் ஸ்பாவில் சுடாத சிவப்பு விளக்கு, நிஜமான விளக்கு வந்திருக்கிறது என்று உலகநாதன் ஒரு தரம் சொன்னார். வெள்ளைக்காரம்மாக்கள் கண்ணோரத்துச் சுருக்கத்துக்குப் படுத்துக்கொள்கிறார்களாம். அவங்களுக்கு நேரம் கீது, சுருக்கமும் கீது, படுத்துக்கட்டும் என்றாள் அக்கா. எனக்கு நாலு மணிக்கு இட்லிக்கு மாவு ஊத்தணும் என்றும் சொன்னாள்.

இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு புதுக் கிளினிக் திறந்திருக்கிறது என்று ஒரு பழைய மாணவி போன் செய்தாள். பெயர் வேறு. விளக்கு அதே சிவப்பு. கோட்டுப் போட்டிருப்பவளும் அதே அதிதி. நான் கேட்டுவிட்டு டெலிபோனை வைத்தேன். அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மத்தியானம் வரை தவித்துவிட்டுச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் யாரையும் தான் அடிக்கவோ திட்டவோ போவதில்லை என்றாள். வெயிட்டிங் ரூமில் நாற்காலி போட்டிருப்பார்கள் இல்லையா, அதில் போய் உட்கார்ந்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பவுடர் போடாமல். பக்கத்தில் உட்காருகிற பெண் ஒருத்தியாவது, உங்க முகத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்காமலா இருப்பாள்.

லீவு கிடைக்குமா என்று கேட்டேன்.

"வார லீவு என்னுது. அதுல நான் எங்க ஒக்காந்தா யாருக்கு இன்னா? ஸ்டோர் சாவிய நீ வச்சிக்க. பருப்பு மூட்ட வரும், எட போடாம எறக்கவுடாத."

சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, அரிசித் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.